காலையில் பட்டம், மாலையில் பந்து

பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி மூன்றாம் முறையும் தொலைபேசி எடுத்தபோது தப்ப வழி இருக்கவில்லை. "அண்ணை, உங்கட காலத்துப் பாஸ்கற்போல் ரீமைப் பற்றி எழுதித் தாங்கோ. ரெண்டு பக்கம் காணும்" என்றார். எங்கள் ரீமைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பெரும்பாலும் தோற்றோம். மைதானத்து மூலையில் வெடித்துக் கிடந்த சீமெந்துத் தரை, இரண்டு தூண், அதில் ஒன்றின் பலகை எப்போதும் சரிந்தபடி. வளையத்தில் வலை கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா, பக்கத்தால் போனதா என்று ஒவ்வொரு முறையும் சண்டை. கடைசியில் குருநகர்ப் பக்கமிருந்து வந்த வகுப்புத் தோழன் ஒருவன் தகப்பனின் பழைய நைலோன் மீன்வலையில் ஒரு துண்டை வெட்டிவந்து கட்டினான். அடிப்பக்கத்தை அதிகமாகச் சுருக்கிவிட்டான். விழுந்த பந்து அங்கேயே தொங்கும்; ஒருவன் எம்பிக் கீழிருந்து குத்தவேண்டும். ஒரு கிழமை பந்தெல்லாம் மீன் மணம்.

அவ்வளவுதான் எங்கள் சரித்திரம். தம்பி கேட்டதற்குப் பதிலாக, அந்தச் சீமெந்துத் தரைப் பைத்தியம் பிற்பாடு எனக்குக் காட்டிய இன்னொரு கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். பழைய மாணவர் விஷயம்தான், பயப்பட வேண்டாம்.

1981இல் புலமைப்பரிசில் கிடைத்து, வட கரோலைனாப் பல்கலைக்கழகத்துக்குப் பொதுச் சுகாதாரப் புள்ளிவிபரவியல் படிக்கப் போனேன். ஊரின் பெயர் சப்பல் ஹில். அதே ஆண்டு, அதே மாநிலத்தின் வில்மிங்டனிலிருந்து ஒரு பதினெட்டு வயதுப் பையனும் அங்கே வந்து சேர்ந்தான். மைக்கல் ஜோர்டன். நானும் அவனும் ஒரே ஆண்டுப் புதுமுகங்கள் என்று இன்றுவரை வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் அந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

நமக்குக் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்; அங்கே கொலிஜ் என்றால் பல்கலைக்கழகம். நம்மூரில் மெய்வல்லுநர் போட்டிக்குப் பெற்றோரும் கச்சான்காரியும் வந்தால் பெரிய கூட்டம். அங்கே மாணவர்களின் கூடைப்பந்தைப் பார்க்கப் பத்தாயிரம் பேர் கார்மைக்கல் அரங்குக்குள் அடைந்து கிடந்தார்கள். மாணவருக்கான ரிக்கற்றுக்கு இரவிரவாக வரிசையில் படுப்பார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் அப்படிப் படுத்து வாங்கியதில் ஒன்றை எனக்குத் தந்தான். முதல் ஆட்டத்தில் என் கண் பந்தைவிடக் கைகளில்தான் நின்றது. கூடைக்குள் போட்டவன் உடனே திரும்பி, பந்து கொடுத்தவனை நோக்கி விரலை நீட்டினான். அடுத்தவனும் நீட்டினான். ஒருவன் ஓட்டத்தின் நடுவே கை முட்டியை உயர்த்தினான். 'களைத்துவிட்டேன், மாற்றுங்கள்' என்று அர்த்தமாம். அவன் வெளியே வந்ததும் வாங்கிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எல்லாம் டீன் ஸ்மித்தின் சட்டம் என்றான் நண்பன்.

டீன் ஸ்மித் 1961 முதல் 1997 வரை அங்கே பயிற்றுநர். 879 வெற்றி. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபொக் அலன் என்பவரிடம் விளையாடிப் பழகியவர். அந்த அலன், இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் மாணவர். ஆக, நேரடிக் குருசீடப் பரம்பரை. ஆள் பார்வைக்கு ஒரு கணக்காளர் மாதிரி. நீண்ட மூக்கு, சப்பையான குரல்.

1982 மார்ச் 29, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசிய இறுதிப் போட்டி. நியூ ஓர்லியன்ஸ் சூப்பர்டோமில் அறுபத்தோராயிரம் பேர். நாங்கள் விடுதியின் பொது அறையில், ஒரே தொலைக்காட்சி முன்னால் ஐம்பது பேர். எதிரணி ஜோர்ஜ்டவுனில் பற்றிக் யூயிங் என்றொரு ஏழடிப் பையன். எங்கள் ஆட்கள் எறிந்த பந்துகளை, வளையத்தை நோக்கி இறங்கும்போதே தட்டித் தட்டி விட்டான். அது விதிமீறல், புள்ளி எறிந்த அணிக்கே. எங்கள் முதல் எட்டுப் புள்ளியும் அப்படித்தான் வந்தன. பந்து ஒருமுறைகூட வலைக்குள் விழவில்லை. எனக்குப் பழைய மீன்வலை ஞாபகம் வந்து தனியே சிரித்தேன். கடைசியில் பதினேழு விநாடி இருக்க, இடப்பக்கத்திலிருந்து ஜோர்டன் எறிந்தான். 63–62. அடுத்த தாக்குதலில் ஜோர்ஜ்டவுன் பையன் ஒருவன் பந்தைத் தவறுதலாக எங்கள் ஜேம்ஸ் வேர்தியின் கையிலேயே கொடுத்துவிட்டான். முடிந்தது. பிராங்ளின் வீதியில் அன்றிரவு யாரோ என் தலையில் ஊற்றிய வெளிர்நீலப் பெயின்ற் இரண்டு கிழமை போகவில்லை. அந்த நீலத்துக்கே கரோலைனா நீலம் என்று பெயர்.

ஊரே ஜோர்டனின் எறிதலைப் பற்றிப் பேசியது. அன்று 28 புள்ளி எடுத்தவர் வேர்திதான். அவருக்குப் படிப்பு இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. சில கிழமைகளில் அவர் சம்பளத்துக்கு ஆடும் என்.பி.ஏ. கூடைப்பந்துக்குப் போகிறார் என்று செய்தி. எங்கள் துறையில் ஒருவர்கூட கோபிக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை. கப் வென்ற அணியின் தூணை அந்தப் பயிற்றுநர் எப்படி விட்டார்?

"விட்டாரா? அவர்தான் அனுப்புகிறார்" என்றான் ரிக்கற் நண்பன்.

இதுதான் அந்த மனிதரின் வேலைமுறை. என்.பி.ஏ. கழகங்கள் புதிய வீரர்களை முறை வைத்துத் தெரிவுசெய்யும் நாளை ட்ராஃப்ட் என்பார்கள். முன் இடங்களில் தெரிவாகிறவனுக்குக் காசு வேறு, பின்னால் தெரிவாகிறவனுக்கு வேறு. ஸ்மித் கழக முகாமையாளர்களைத் தானே தொலைபேசியில் பிடித்து, இந்தப் பையன் வந்தால் எத்தனையாவது இடத்தில் எடுப்பீர்கள் என்று விசாரிப்பார். முன்வரிசை என்று உறுதியானால் பையனைக் கூப்பிட்டு, 'போ' என்பார். தன் அடுத்த ஆண்டு அணி ஓட்டையாகும் என்று தெரிந்தே சொல்வார். 1972இல் பொப் மக்கடூ அப்படி முதலில் போனார், இரண்டாவது தெரிவு. வேர்தி 1982இல் முதலாவது தெரிவு, லேக்கர்ஸ் எடுத்தது. ஜோர்டன் 1984இல் மூன்றாவது, சிக்காகோ. போகிறவன் படிப்பை முடிக்கத் திரும்பி வரவேண்டும் என்பது கூடவே வரும் எதிர்பார்ப்பு. ஜோர்டன் கோடையில் வந்து வந்து படித்து 1986இல் பட்டத்தை முடித்தார். பாடம் புவியியல். நம்மூர் அம்மாமார் கேட்டால், இவ்வளவு உழைத்தும் மருத்துவம் கிடைக்கவில்லையா என்பார்கள்.

போனவர்கள் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். கோடை விடுமுறையில் என்.பி.ஏ. ஓய்ந்ததும் பழைய கரோலைனாக்காரர் பலர் சப்பல் ஹில்லுக்கு வந்துவிடுவார்கள். கார்மைக்கலுக்குப் பக்கத்தில் வூலன் என்று ஒரு பழைய உடற்பயிற்சிக்கூடம், உள்ளே வேக்காடு. சம்பளக்காரரும் மாணவரும் கலந்து பிரிந்து விளையாடுவார்கள். சட்டம் ஒன்றுதான்: தோற்ற அணி வெளியே. ஒரு மாலை நான் சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தேன். தோற்ற அணியிலிருந்து ஒரு மலை வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. யாரென்று கேட்கத் துணிவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றி என் பாட்டாச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். என் இரண்டு செருப்பையும் அதற்குள் போட்டு மூடலாம். உள்ளே ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு இருபது வயதிருக்காது. ஒருவன் நல்ல பந்தொன்று கொடுத்தான். மலை உட்கார்ந்தபடியே அவனை நோக்கி விரலை நீட்டியது.

அடுத்த ஆண்டு நான் இறுதி ஆய்வை ஒப்படைக்கும் நேரம், 1983 யூலை. அதை இந்த மலர் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. "இங்க வராதை" என்று ஐயா ஒற்றை வரியில் எழுதினார். கனடாவுக்கு எல்லை கடந்தேன். பட்டமளிப்புக்குப் போகவில்லை, போக முடியாது. சான்றிதழ் ஒரு மட்டைக் குழாய்க்குள் தபாலில் வந்தது. அப்போது மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

பிறகு நீண்ட காலம் கூடைப்பந்தை மறந்திருந்தேன். 1995இல் ரொறன்ரோவுக்கு ராப்ரர்ஸ் என்ற என்.பி.ஏ. கழகம் வந்தது. 1998 ட்ராஃப்ட் வான்கூவரில் நடந்தது. ரொறன்ரோ நாலாவது தெரிவாக அன்ரன் ஜேமிசனை எடுத்தது. ஐந்தாவதாக கோல்டன் ஸ்டேற் எடுத்தது வின்ஸ் கார்ட்டரை. அங்கேயே இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பேருமே கரோலைனாக்காரர், ஒரே அணித் தோழர்! எவனை வைத்துக்கொண்டாலும் எங்கள் ஆள்தான் வரப்போகிறான் என்று நான் துள்ளியதை மனைவி விளங்காமல் பார்த்தாள்.

கார்ட்டர் வந்த பிறகு ஸ்காபறோவில் நம் பிள்ளைகள் கிறிக்கற் மட்டையை மூலையில் வைத்தார்கள். கராஜுக்கு முன்னால் எல்லாம் வளையம் முளைத்தது. 2001இல் ராப்ரர்ஸ் முதல்தடவையாக ஒரு சுற்றை வென்று, அடுத்த சுற்றில் ஃபிலடெல்பியாவோடு மோதியது. ஒருநாள் அலன் ஐவர்சன் 54, இன்னொருநாள் கார்ட்டர் 50, மறுபடி ஐவர்சன் 52. மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் மே 20, ஞாயிற்றுக்கிழமை, ஃபிலடெல்பியாவில்.

அதே நாள் காலை சப்பல் ஹில்லில் பட்டமளிப்பு. மூன்று ஆண்டில் விட்டுவந்த படிப்பைக் கார்ட்டர் முடித்திருந்தார். தாய்க்குக் கொடுத்த வாக்கு. காலையில் விமானத்தில் போய், வெளிர்நீல அங்கியோடு மற்ற மாணவரோடு நடந்து, பிற்பகல் ஃபிலடெல்பியா திரும்பி, மாலை ஆட்டத்தில் இறங்கினார்.

எதிரணி வாங்கில் நின்ற பயிற்றுநர் லரி பிறவுண். அவரும் ஸ்மித்திடம் ஆடிய கரோலைனாக்காரர். வெல்கிற அணி அடுத்துச் சந்திக்கவேண்டிய மில்வாக்கியின் பயிற்றுநர் ஜோர்ஜ் கார்ல், அவரும் அப்படியே. மேற்குப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த லேக்கர்ஸின் முகாமையாளர் மிச் கப்சக், 1976 அணி. அந்த வசந்தத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் டீன் ஸ்மித்தின் பிள்ளை ஒருவன் நின்றான். இதைச் சொல்ல என் வீட்டில் கூடியிருந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் காது இல்லை. கொத்துரொட்டிப் பார்சல் பிரிபட்டுக்கொண்டிருந்தது.

88–87, ஃபிலடெல்பியா முன்னால். இரண்டு விநாடி. இடப்பக்க மூலையில் கார்ட்டரிடம் பந்து. எறிந்தார். வளையத்தில் பட்டு வெளியே போயிற்று.

ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு மச்சான் ஒருவர் தொடங்கினார்: "விளையாட்டை விட்டிட்டு சேட்டிப்பிக்கற் வாங்கப் போனவர்! களைச்சுப்போனான் பார்." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அறையிலிருந்தவர்கள் யார்? கணக்கு ரியூசனுக்குப் பிள்ளையைச் சனி ஞாயிறு ஏற்றி இறக்குபவர்கள். பல்கலைக்கழகப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியவர்கள். அவர்கள் ஒரு பையன் தாயோடு நின்று பட்டம் வாங்கியதற்காக ஏசிக்கொண்டிருந்தார்கள். அன்று அவர் 18 தடவை எறிந்து 6 போட்டார், உண்மை. கூடவே ஒன்பது தடவை மற்றவன் போடப் பந்து கொடுத்தார். அதை ஒருவரும் எண்ணவில்லை. நான் வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கூடுதலாகக் கேட்டது. "நான் போகேல்லை. எனக்குத் தெரியும்" என்றேன். எதற்கு எதைச் சொல்கிறேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மனைவி மட்டும் எழுந்து தேத்தண்ணி போடப் போனாள்.

ஸ்மித் 2015 பெப்ரவரியில் காலமானார். சில கிழமை கழித்து அவர் அணியில் ஆடிய நூற்றெண்பது பேர்வரை ஆளுக்கொரு கடிதம் போயிற்று. உள்ளே 200 டொலர் காசோலை. இரவுச் சாப்பாடு ஒன்றைக் கோச்சின் செலவில் சாப்பிடுங்கள் என்று மரணசாசனத்தில் எழுதிவைத்திருந்தார். கோடீசுவரருக்கும் 200, உள்ளூரில் ஆசிரியராய்ப் போனவருக்கும் 200. நமது சங்கத்தில் ஆண்டுச் சந்தா கேட்டால் எத்தனை பேர் அலைபேசியை நிறுத்திவைக்கிறோம் என்பது பொருளாளருக்குத் தெரியும். இதை வெட்டிவிடாதீர்கள் தம்பி.

கார்ட்டர் 2004இல் ரொறன்ரோவை விட்டுப் போனார். பத்தாண்டு அவரைக் கண்டபோதெல்லாம் ஊரே கூவியது. 2024 நவம்பர் 2ஆம் திகதி அவரது 15ஆம் இலக்கச் சட்டையை அரங்கின் கூரைக்கு உயர்த்தினார்கள். இந்தக் கழகம் அப்படிக் கௌரவித்த முதல் ஆள். மகன் ரிக்கற் எடுத்திருந்தான். இடைவேளையில் எங்களுக்குப் பின்வரிசையிலிருந்து நம் தமிழ் கேட்டது:

"அண்டைக்கு அந்தப் பட்டத்துக்குப் போகாட்டி, உது விழுந்திருக்கும்."

மகன் என்னைப் பார்த்தான். நான் திரும்பவில்லை. மச்சானின் குரல் என்று நினைத்தேன், அவர் அல்ல.