கோத்தகிரிக் குளிருக்கு எந்தச் சிந்தசைசர்?

கோர்க் மோனோலாக், ஆர்டூரியா மைக்ரோபுரூட் ஆகிய இரண்டு சிறிய அனலாக் சிந்தசைசர்களில் (மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கீபோர்டுகளில்) எதை வாங்குவது என்று மூன்று வாரங்களாகக் குழம்பி, நேற்று ஒருவழியாக முடிவுக்கு வந்தேன். இரண்டிலும் 25 கட்டைகள்தாம். இரண்டும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கும்.

முரட்டு ஒலிதான் வேண்டுமென்றால் மைக்ரோபுரூட்டே என் தேர்வு. குன்னூர் நண்பர் வீட்டில், வெளிவரும் ஒலியை மீண்டும் உள்ளேயே ஊட்டும் 'புரூட் ஃபேக்டர்' குமிழைப் பாதிக்கு மேல் திருகியபோது, சீவாளி பிளந்த நாகஸ்வரம் போல ஓர் அலறல் எழுந்தது. மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் அமைத்த ஒலியைச் சேமிக்க அதில் வழியில்லை. குமிழ்களின் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டியதுதான்.

மோனோலாகில் 100 ஒலிகள் நினைவில் நிற்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு சுரத்தின் சுருதியையும் சென்ட் (அடுத்தடுத்த இரு கட்டைகளின் சுருதி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்தலாம் என்பது: சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, அந்தர காந்தாரத்தைக் கீபோர்டின் வழக்கமான சம இடைவெளி நிலையிலிருந்து 14 சென்ட் இறக்கினால், இரண்டுக்கும் இடையே கேட்ட துடிப்பு அடங்கிவிடுகிறது. கமகத்துக்கு இது போதாது என்பது வேறு விஷயம்.

ஒலியைப் பிறப்பிக்கும் மின்சுற்றான அனலாக் ஆஸிலேட்டரின் சுருதி வெப்பநிலைக்கேற்ப நகரும் என்பதால், மார்கழிக் காலையில் எதை வாங்கினாலும் அது சூடேறச் சற்றுக் காத்திருக்கத்தான் வேண்டும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும் இரவுகளிலும் ஆறு ஏஏ பேட்டரிகளில் மோனோலாக் இயங்கும் என்பதே இறுதியில் என்னை அதன் பக்கம் சாய்த்தது. வீட்டில் இன்னும் விலையைச் சொல்லவில்லை.