கண்ணால் மட்டும் படித்த பெயர்கள்

ஒரு பாடகரின் பெயரை வானொலி சொல்லிக் கொடுத்துவிடும். விளையாட்டு வீரரின் பெயரை வர்ணனையாளர் சொல்லிவிடுவார். காமிக்ஸ் வரைபவரின் பெயரை நமக்கு யாருமே சொல்வதில்லை. அட்டையின் மூலையிலோ முதல் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும். சின்ன வயதில் அதை ஒரு மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறோம், கடைசிவரை அப்படியே நிலைத்துவிடுகிறது.

ஒலிப்பதிவுக்கு முன்னால் எழுத்துப் பிரதியைத் தயார் செய்வது என் வேலை. காமிக்ஸ் வரலாறு பற்றிய ஒரு தொடரில் வேலை பார்த்தபோதுதான் இந்த விஷயம் என்னை முழுசாக உள்ளே இழுத்தது. மைக் முன்னால் உட்காருபவர் எந்தப் பெயரிலும் தடுக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் தமிழில் எழுதிய உச்சரிப்பு, கூடவே அந்தப் பெயர் ஒலிக்கும் சின்ன ஆடியோ துண்டு என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பேன்.

டின்டின் என்ற காமிக்ஸ் நாயகனை உருவாக்கிய பெல்ஜியக்காரரின் பெயரை ஹெர்ஜ் என்பவர்கள் உண்டு, ஹெர்கே என்பவர்களும் உண்டு. சொந்தப் பெயர் ழார்ழ் ரெமி. முதலெழுத்துகள் ஜி, ஆர். அவற்றைத் திருப்பிப் போட்டால் ஆர், ஜி. பிரெஞ்சில் ஆர் என்ற எழுத்தை ‘எர்’ என்பார்கள், ஜி என்ற எழுத்தை ‘ழே’ என்பார்கள். எர்ழே. முன்னால் நிற்கும் ஹெச் வாயிலேயே வராது. அவர் நாட்டவரான ஜோசப் ழிலேன் தன் ஜே, ஜி எழுத்துகளையே ‘ழிழே’ என்று புனைபெயராக்கிக்கொண்டார். இவையெல்லாம் காதுக்காகவே பிறந்த பெயர்கள். ஹெர்ஜ் என்று வாசித்தால் பெயர் பிறந்த கதையே போய்விடுகிறது.

ஆனால் இந்த ‘ழ’ ஒரு சிக்கல். பிரெஞ்சு ஒலிக்கு ‘ழ’ போடுவது நம் எழுத்தில் பழகிவிட்டது. அது பழத்தில் வரும் ழ இல்லை. நல்ல தமிழ் நாக்கு உள்ளவர் படித்தால் நாக்கை அழகாக வளைத்து ‘ழான்’ என்பார், சம்பந்தமில்லாத ஒரு ஒலி வந்து நிற்கும். அதனால் இந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘ஷ-வை அழுத்தாமல், குரல் சேர்த்து’ என்று குறிப்பு எழுதி வைக்கிறேன். அதுவும் போதாது, ஆடியோ துண்டு வேண்டியிருக்கிறது.

ஜப்பானியப் பெயர்களுக்கு வந்தால் நம் எழுத்து கைகொடுக்கிறது. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் பெரும்பாலும் தொலைந்துவிடும். ‘அகிரா’வை வரைந்தவர் கட்சுஹிரோ ஓத்தொமொ. முதல் ஒலி நெடில். ‘ஒன் பீஸ்’ வரைபவர் எய்ச்சிரோ ஒதா. அங்கே குறில். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்கும், தமிழில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். இன்னொன்று, உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் வந்தால் நாம் மெலித்துத்தான் சொல்வோம். ஒதாவுக்கு அதுதான் வேண்டும். ஓத்தொமொவுக்கு வல்லொலி வேண்டும், அதனால் ஒரு ‘த்’ கூடுதல். ஜிரோ தனிகுச்சி என்ற பெயரைத் தமிழில் எழுதினால் ஒரு குறிப்பும் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம்.

அந்தத் தனிகுச்சியால்தான் ஒரு நாள் பதிவு நின்றது. மோபியஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியரின் சொந்தப் பெயர் ழான் ழிரோ. எழுத்தில் கடைசியில் ஒரு டி உண்டு, சொல்லக் கூடாது. ‘இகாரோ’ என்ற படைப்பை இவர் எழுத, தனிகுச்சி வரைந்தார். பிரதியில் ஒரே வாக்கியத்தில் ழிரோவும் ஜிரோவும். அடுத்த பத்தியில் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனை 1948இல் உருவாக்கிய இத்தாலியர் ஜான் லூயிஜி போனெல்லி. குரல் கொடுத்தவர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, “மேடம், எந்த ஜான், எந்த ஜிரோ, ஒரு தடவை நீங்களே சொல்லிடுங்க” என்றார். சொன்னேன். திரும்பச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் முழுப் பத்தியையும் ஒரே மூச்சில் படித்துவிட்டார்.

அமெரிக்கப் பெயர்களில் கேள்வியே வேறு. குடும்பப் பெயர் போலந்திலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்திருக்கும். மூல மொழியில் எப்படி என்று தேடிப் போவது தவறான வழி என்றே நினைக்கிறேன். பில் சின்கேவிச்சின் பெயரைப் போலந்துக்காரர் வேறு மாதிரி சொல்வார். இவர் தன்னைச் சின்கேவிச் என்கிறார், அத்தோடு சரி. ஹெல்பாய் வரைந்தவர் மின்யோலா, ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு ஜி உண்டு, ஆனால் ‘க்’ ஒலியே கிடையாது. கர்ட் பியூசிக், ஜோ கெசாடா எல்லாம் அப்படித்தான். பெயருக்குச் சொந்தக்காரர் பேட்டியில் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார் என்று கேட்பேன். பேட்டி எடுப்பவர் சொல்வதை நம்ப மாட்டேன். அவரும் நம்மைப் போலக் கண்ணால் படித்தவராக இருக்கலாம்.

அதற்காகத் தமிழ் வாக்கியத்தின் நடுவே பிரெஞ்சுக்காரரைப் போலத் தொண்டையை உருட்ட வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. உயிரொலி சரியாக இருக்க வேண்டும், ஊமை எழுத்து ஊமையாக இருக்க வேண்டும், அது போதும். டின்டினையும் பிரெஞ்சில் மூக்கால்தான் சொல்வார்கள், ஆனால் கதாபாத்திரங்களின் பெயர்கள் வாசகர்களிடம் பழகி ஊறிவிட்டன, அவற்றில் நான் கைவைப்பதில்லை.

நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. கஷ்டமான பெயர் வந்தால், ‘பிரபல ஓவியர் ஒருவர்’ என்று போட்டுவிடலாமே என்பார்கள். இந்தத் துறையில் பெயர் இல்லாமலே வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர். ஸ்க்ரூஜ் மாமா என்ற டிஸ்னி வாத்தை 1947இல் உருவாக்கிய கார்ல் பார்க்ஸின் பெயர் அவர் வரைந்த புத்தகங்களில் வெகுகாலம் இல்லை. வாசகர்கள் அவரை ‘நல்ல வாத்து ஓவியர்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். 1938இல் வெளிவந்த சூப்பர்மேனில் அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் பெயர்கள் பின்னாளில் எடுக்கப்பட்டு, 1975இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் திரும்ப வந்தன. பேட்மேனை உருவாக்கியதில் பங்குள்ள பில் ஃபிங்கருக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் கிடைத்தது 2015இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. இத்தனை பாடுபட்டு அச்சில் ஏறிய பெயரை, வாயில் நுழையவில்லை என்பதற்காக நான் எப்படி எடுப்பேன்?

தோர்கல் என்ற காமிக்ஸின் ஓவியர் பெயர் வந்தபோதும் அதே யோசனையைச் சொன்னார்கள். போலந்துக்காரர். ஆர், இசட் இரண்டும் சேர்ந்து அங்கே ஒரே ஒலி. க்ஷெகோஷ் ரோஷின்ஸ்கி என்று பெரிய எழுத்தில் எழுதி, அசைகளுக்கு நடுவே கோடு போட்டு, மைக்குக்கு எதிரே ஒட்டி வைத்தேன். பெயர் தொடரில் இருக்கிறது.