மெஸ் கழிவை எடை போடும்போது

நீடித்த உணவு முறைமைகள் (இயற்கை வளம் தீராமல் உணவை விளைவித்து, பகிர்ந்து, உண்ணும் வழிகள்) பற்றிப் படிக்கிறவர்கள் களப்பணிக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம். விடுதி மெஸ்ஸில் வீணாகும் உணவை அளந்தாலே போதும். ஆனால் எல்லாக் கழிவையும் ஒரே டிரம்மில் கொட்டி எடை பார்த்து, "இத்தனை கிலோ வீண்" என்று எழுதுவதால் பயனில்லை. சமையற்கட்டில் நறுக்கும்போது போவது, பாத்திரத்தில் பரிமாறாமல் மிஞ்சுவது, தட்டில் மிச்சம் வைப்பது என மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. மிஞ்சுவது உலை வைக்கும்போது போட்ட ஆள்கணக்கின் கோளாறு. தட்டில் கிடப்பது பெரும்பாலும் கரண்டி அளவின் கோளாறு, சில நாள் பொரியலின் கோளாறு.

தேவையானவை: 50 கிலோ வரை எடுக்கும் மின்னணு தராசு, மூடியுள்ள வாளிகள் ஐந்து (ஐந்தாவது எதற்கென்று பிறகு சொல்கிறேன்), ஒரு பெரிய வடிதட்டு. வாளிகளின் வெற்று எடையை முதலிலேயே மார்க்கரால் வெளிப்புறம் எழுதிவிடுங்கள். நெரிசலில் அதைக் கழிக்க மறந்துபோவது சகஜம். தட்டுக் கழிவுக்குச் சோறு, காய், இறைச்சி, தின்ன முடியாதவை என நான்கு வாளிகள். எலும்பும் முருங்கைக்காய்ச் சக்கையும் கடைசி வாளிக்கு. ஐ.நா.வின் உணவுக் கழிவுக் கணக்கில் இவையும் சேரும் என்பதால் எடையைக் குறிக்காமல் விட்டுவிடக் கூடாது. கறிவேப்பிலை எந்த வாளிக்கு என்று குழுவுக்குள் கட்டாயம் சண்டை வரும். எப்படி முடிவெடுத்தாலும் சரி, கடைசி நாள் வரை மாற்றாதீர்கள்.

தட்டிலேயே கை கழுவும் பழக்கமும் ஊற்றி வைத்த ரசமும் எடையைக் கெடுக்கும். வடிதட்டில் இரண்டு நிமிடம் வடியவிட்டு எடை போடுங்கள். எல்லா நாளும் அதே இரண்டு நிமிடம். ஆள்கணக்கை டோக்கனை வைத்து எடுக்காமல், கழுவ வரும் தட்டுகளை எண்ணி எடுங்கள். மெனு வாரச் சுழற்சி என்றால் ஒரு சுழற்சி முழுவதும் அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை வைத்து மற்ற நாட்களைச் சொல்ல முடியாது. தராசோடு யாராவது நின்றால் மாணவர்கள் கொஞ்சம் அடக்கித்தான் வாங்குவார்கள். அதனால் முதல் இரண்டு நாள் அளவை ஒத்திகையாக வைத்து, கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிக்கைகள் சறுக்குவது நீர்க் கணக்கில், அதாவது வீணான உணவை விளைவிக்க எவ்வளவு நீர் செலவானது என்ற கணக்கில். ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் என்ற எண்ணை எடுத்து, வாளியில் இருக்கும் சோற்றின் எடையோடு பெருக்கிவிடுகிறார்கள். அந்த எண் அரிசிக்கானது, சோற்றுக்கானது இல்லை. 400 தட்டுகளில் 28 கிலோ வெறும் சோறு மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். தட்டுக்கு 70 கிராம். உங்கள் மெஸ்ஸில் ஒரு கிலோ அரிசி வடித்தபின் 2.8 கிலோ சோறாகிறது என்றால், வீணானது 10 கிலோ அரிசி, அதாவது 25,000 லிட்டர். நேராகப் பெருக்கியிருந்தால் 70,000 என்று வந்திருக்கும். இந்த 2.8 அரிசிக்கு அரிசி மாறும்; புழுங்கலா பச்சரிசியா, புதுசா பழசா என்பதைப் பொறுத்தது. உங்கள் சமையற்காரர் வடிக்கும் நாளில் அரிசியையும் சோற்றையும் எடை போட்டு நீங்களே கண்டுபிடியுங்கள். அந்த 2,500 லிட்டரில் மழைநீரும் அடக்கம். மோட்டாரில் இறைத்த தண்ணீர் என்று எழுதிவிடாதீர்கள்.

சாம்பாரில் பிசைந்த சோறுதான் இதில் தலைவலி. அதில் அரிசி எவ்வளவு, குழம்பு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அலசிப் பார்த்தால் சோறு இன்னும் நீர் குடித்து எடை கூடும். அதற்கு ஐந்தாவதாக ஒரு வாளி வைத்து, அரிசிக் கணக்கில் சேர்க்காமல் எடையை மட்டும் தனி வரியாகக் காட்டுவதே நேர்மை.

பரிந்துரையில் உடனே உரக்குழிக்குத் தாவுகிறவர்கள் அதிகம். முதலில் சோற்றுக் கரண்டியைச் சிறிதாக்கி, கேட்டால் மறுபடி போடச் சொல்லுங்கள்; கடைசி உலையை, வரிசையைப் பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் மிஞ்சுவதுதான் உரத்துக்கு. வெறும் சோற்றைக் குவித்தால் காற்றுப் புகாமல் புளித்து நாறும். காய்ந்த சருகைத் தாராளமாகக் கலந்து, வாரம் ஒருமுறையாவது கிளறிவிட வேண்டும்.