கண்ணால் கண்ட பிறகும்: மினியாபொலிஸ் நாட்குறிப்பு

2021 ஏப்ரல் 12, திங்கள்

இரவு 7 மணி முதல் ஊரடங்கு. கைபேசி அலறியதில் மகள் பயந்து சமையலறைக்கு ஓடிவந்தாள்.

நேற்று எங்கள் மினியாபொலிஸ் நகரின் புறநகரான புரூக்ளின் சென்டரில் டான்டே ரைட் என்ற 20 வயது இளைஞனைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது. காரை நிறுத்தி விசாரித்தபோது நடந்தது. மின்னதிர்ச்சித் துப்பாக்கி என்று நினைத்து நிஜத் துப்பாக்கியை எடுத்துவிட்டார் அந்தப் பெண் அதிகாரி என்று இன்று போலீஸ் தலைவர் சொல்கிறார். அங்கிருந்து சுமார் 10 மைல் தொலைவில், போன மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்ற போலீஸ் அதிகாரி டெரெக் ஷாவின் மீதான கொலை வழக்கு மூன்றாவது வாரமாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த வழக்கின் தீர்ப்புக்குக்கூட இந்த நகரத்தைக் காத்திருக்க விடவில்லை.

இன்று முதல் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். போன வருடம் மே மாதம், ஃப்ளாய்ட் இறந்து ஊர் பற்றி எரிந்தபோது, எதையும் எழுதி வைக்கவில்லை. இப்போது யோசித்தால் புகை நாற்றம் மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

ஏப்ரல் 15, வியாழன்

லேக் தெரு முழுக்கத் துளையிடும் கருவியின் சத்தம். கடைக் கண்ணாடிகளுக்கு மேல் ஒட்டுப்பலகை அறைகிறார்கள். சில கடைகளில் போன வருடப் பலகையையே கொண்டுவந்து பொருத்துகிறார்கள், பழைய ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் பலகையில் "இது குடும்பக் கடை, மேலே ஆட்கள் குடியிருக்கிறார்கள்" என்று எழுதிக்கொண்டிருந்தார். 'குடியிருக்கிறார்கள்' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். பிறகு தள்ளி நின்று, தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிறதா என்று பார்த்தார்.

இதே தெருவை ஒட்டி காந்தி மஹால் என்ற உணவகம் இருந்தது. வங்கதேசத்துக் குடும்பம் நடத்தியது. போன மே மாதம் எரிந்து போயிற்று. கட்டடம் எரிந்தால் எரியட்டும், நீதி கிடைக்க வேண்டும் என்று அதன் உரிமையாளர் தொலைபேசியில் யாரிடமோ சொன்னதை அவருடைய மகள் கேட்டு எழுதினார், உலகமெங்கும் பரவியது. அந்த மனம் எனக்கு வருமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

நீதிமன்றத்தில் இன்று சாட்சி விசாரணை முடிந்தது. அரசுத் தரப்பில் 38 பேர், எதிர்த்தரப்பில் 7 பேர். ஷாவின் சாட்சி சொல்லப் போவதில்லை என்று தெரிவித்துவிட்டார். அது அவருடைய சட்ட உரிமை.

ஏப்ரல் 17, சனி

ஃப்ளாய்டின் கழுத்து அழுத்தப்பட்ட இடத்துக்கு, 38ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனைக்கு, மகளை அழைத்துப் போனேன். நடுவில் உயர்த்திய முஷ்டியின் சிலை. முதலில் மரத்தில் இருந்தது, இந்த ஜனவரியில் இரும்பில் மாற்றினார்கள். கீழே வாடிய பூக்களை ஒரு பெண்மணி பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார், குப்பையில் போடாமல் தனியாக ஒரு கூடையில். சற்றுத் தள்ளிப் புல்வெளியில் வரிசை வரிசையாக வெள்ளைக் கல்லறைப் பலகைகள், ஒவ்வொன்றிலும் போலீஸ் கையில் இறந்த ஒருவரின் பெயர். மகள் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். சிறிது தூரம் போனதும் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

திரும்பி வந்ததும் எதிர்வீட்டு அம்மையாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. தண்டனை கிடைக்கும்தானே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஃபிலாண்டோ கஸ்டீல் பெயரைச் சொன்னார். 2016 ஜூலையில் இங்கே ஃபால்கன் ஹைட்ஸில் காருக்குள் வைத்துச் சுடப்பட்டவர். பக்கத்தில் காதலி, பின் இருக்கையில் அவளுடைய நான்கு வயதுக் குழந்தை. அவரைச் சுட்ட அதிகாரியை 2017 ஜூனில் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். ஜூரிகள் முடிவெடுக்க எடுத்துக்கொண்ட அந்த ஐந்து நாளும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன் என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். இந்த மாநிலத்தில் பணியில் இருக்கும்போது நடத்திய கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட போலீஸ்காரர் இதுவரை ஒரே ஒருவர். முகமது நூர், சோமாலியாவிலிருந்து வந்தவர். இறந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் குரலில் கோபம் இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஏப்ரல் 19, திங்கள்

இறுதி வாதம். அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. ஒரு காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மினசோட்டாவில் ஒரு கொலை வழக்கை முழுவதுமாக நேரலையில் காட்டுவது இதுதான் முதல் முறை. கொரோனாவால் பார்வையாளர்களை உள்ளே விட முடியாது என்பதால் நீதிபதி பீட்டர் கேஹில் அனுமதித்தார்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஸ்டீவ் ஷ்லைக்கர் ஜூரிகளிடம் உங்கள் கண்களை நம்புங்கள் என்றார். நீங்கள் பார்த்தது பார்த்ததுதான் என்றார். கழுத்தில் முழங்கால் இருந்தது 9 நிமிடம் 29 விநாடி. எதிர்த்தரப்பின் எரிக் நெல்சன் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். அந்த 9 நிமிடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய சுமார் 17 நிமிடங்களையும் பாருங்கள், நியாயமான ஒரு போலீஸ் அதிகாரி அங்கே என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

கேட்கக் கேட்க என் பாட்டி எந்நேரமும் சொல்லும் பழமொழி ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நெல்சன் சொல்வதும் ஏறத்தாழ அதைத்தான். குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு அந்த வாதத்தை எடுத்துவைக்க ஆள் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 14 நாள் சாட்சி விசாரணையைக் கேட்டவள் நான். நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின் ஃப்ளாய்டின் கடைசி மூச்சு எந்த நொடியில் நின்றது என்று காணொளியில் விரலை வைத்துக் காட்டினார். நகரத்தின் போலீஸ் தலைவரே வந்து இது எங்கள் பயிற்சி அல்ல என்றார். தீர விசாரித்தாயிற்று. கண்ணால் கண்டதுதான் மெய் என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஊர் நடுங்குகிறது.

ஏன் நடுங்குகிறது என்றால், சம்பவம் நடந்த அன்று போலீஸ் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு, போலீஸாருடனான சந்திப்பின்போது ஏற்பட்ட மருத்துவப் பிரச்சினைக்குப் பிறகு ஒருவர் இறந்தார் என்பது. 17 வயதுப் பெண் ஒருத்தி நடைபாதையில் நின்று கைபேசியை இறக்காமல் பிடித்திருக்காவிட்டால் அந்தத் தலைப்புதான் வரலாறு.

மாலை 4 மணிக்கு வழக்கு ஜூரிகளிடம் போயிற்று. 12 பேர். தீர்ப்பு வரும்வரை விடுதியில் தனியே வைத்திருப்பார்கள். 12 பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும், ஒருவர் மறுத்தாலும் தீர்ப்பு இல்லை. அந்த ஒருவரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. கடையில் பால் வாங்கும்போதுகூட ஒருவர் என்னிடம் ஒற்றை விரலைக் காட்டித் தலையசைத்தார்.

இரவு அம்மா தொலைபேசியில் கேட்டாள், நம் ஊரில் ஜூரி கிடையாதே, எப்படியம்மா வழிப்போக்கர் 12 பேரை நம்பித் தீர்ப்பை விடுகிறார்கள் என்று. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று விடுவித்ததையும் உயர் நீதிமன்றம் அதை ஏற்காததையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாத்தான்குளத்து அப்பாவும் பிள்ளையும் இறந்து இந்த ஜூனோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது" என்றாள். ஃப்ளாய்ட் இறந்து ஒரு மாதத்துக்குள் ஜெயராஜும் பென்னிக்ஸும். அங்கே 9 போலீஸார் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருக்கிறது. அம்மா இந்த வழக்கை இவ்வளவு கவனமாகப் பின்தொடர்வது எதனால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏப்ரல் 20, செவ்வாய்

பகல் இரண்டரை மணி வாக்கில் செய்தி வந்தது: தீர்ப்பு தயார், மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையில் வாசிக்கப்படும். மேலாளர் எழுந்து எல்லோரும் உடனே வீட்டுக்குப் போங்கள் என்றார். நகர மையத்திலிருந்து கார்கள் மழைக்கு முன் எறும்புபோல வெளியேறின. நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி முள்வேலி, கான்கிரீட் தடுப்பு, துப்பாக்கியோடு தேசியக் காவல் படை. ஜனங்கள் மட்டும் எதிர்த்திசையில், அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

பத்து மணி நேரத்தில் முடிவு என்றால் நல்லதா கெட்டதா என்று வழியெல்லாம் வானொலியில் விவாதம். தாங்க முடியாமல் அணைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அம்மையார் மடக்கு நாற்காலியோடு எங்கள் வாசல் திண்ணையில் காத்திருந்தார். தனியாகக் கேட்க முடியாது என்றார். கைபேசியைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்தோம். முகக்கவசத்துக்கு மேல் ஷாவினின் கண்கள் மட்டும் அங்குமிங்கும் அலைந்தன.

இரண்டாம் நிலைக் கொலை, குற்றவாளி. மூன்றாம் நிலைக் கொலை, குற்றவாளி. கொலையாகாத மரணம் விளைவித்தல், குற்றவாளி.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அசையவில்லை. இன்னும் முடியவில்லை, பொறு என்று கையைக் காட்டினார். நீதிபதி ஜூரிகளை எண் சொல்லி ஒவ்வொருவராக, இது உங்கள் உண்மையான தீர்ப்புதானா என்று கேட்கத் தொடங்கினார். ஒவ்வொரு 'ஆம்' வரும்போதும் அம்மையார் ஒரு விரலை மடக்கினார். பத்து விரலும் மடங்கிவிட்டன. மிச்சம் இருந்த இரண்டு பேருக்கு என் கையை இழுத்து என் விரல்களை மடக்கினார். பன்னிரண்டாவது விரலை விடவே இல்லை. கை சில்லென்றிருந்தது. ஷாவினின் கையில் விலங்கு பூட்டி அழைத்துப் போனபோதும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார்.

தெருவில் கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டே போயின. யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். மகள் சாக்லேட் தூளைத் தண்ணீரில் கலக்கி மூன்று கோப்பைகளில் எடுத்து வந்தாள், பால் ஊற்ற மறந்துபோய். குடித்தோம்.

இரவில் ஒஹாயோவிலிருந்து செய்தி. கொலம்பஸ் நகரில் மகாயா பிரையன்ட் என்ற 16 வயதுப் பெண்ணைப் போலீஸ் சுட்டிருக்கிறது, கத்தியோடு சண்டையில் இருந்தாளாம். இங்கே தீர்ப்பு வாசிக்கும் நேரத்தை ஒட்டித்தான் நடந்திருக்கிறது. அம்மையாரிடம் இன்றிரவு சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவருக்கு ஒரு இரவாவது கிடைக்கட்டும்.

ஏப்ரல் 21, புதன்

தண்டனை விவரம் எட்டு வாரம் கழித்து. லேக் தெருவில் பலகைகள் அப்படியே இருக்கின்றன. முடிதிருத்தும் கடைக்காரரிடம் எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு அந்த ரைட் பையனின் அடக்கம் முடியட்டும் என்றார்.

ஏப்ரல் 22, வியாழன்

வடக்கு மினியாபொலிஸில் ஷைலோ டெம்பிள் தேவாலயத்தில் டான்டே ரைட்டின் இறுதி ஆராதனை. அம்மையாருக்கு முழங்கால் வலி, பஸ் மாறிப் போக முடியாது. காலையில் கறுப்பு உடை உடுத்தி, தொப்பியில் ஊசி குத்திக்கொண்டு திண்ணையில் வந்து நின்றார். நான் கேட்காமலே காரை எடுத்தேன். போகும் வழியில், அந்தப் பையனுக்கு ஒரு மகன் இருக்கிறான், இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை என்று ஒருமுறை சொன்னார். தேவாலயம் வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. கூட்டம் அதிகம். இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்த இடம் கிடைத்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.