ஜெட்டுக்குப் போகலாமா, ஏடிஆரிலேயே இருக்கலாமா

ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. ஏ320 ஜெட் ஓட்ட. இப்போது நான் ஓட்டுவது ஏடிஆர் 72. நம்ம கமலாபுரத்தில் வந்து இறங்குகிறதே, ரெண்டு பக்கமும் விசிறி சுற்றிக்கொண்டு, பின்பக்கக் கதவு வழியாக ஏறச் சொல்வார்களே, அதே ரகம். சேலம் ரன்வே சுமார் 1,800 மீட்டர்தான், அதனால் பெரிய ஜெட்டுக்கு இங்கே வேலை இல்லை. புதுச் சம்பளம் இப்போது வாங்குவதைவிட நன்றாகவே கூட. மாமனார் தினமும் போன் செய்து "மாப்ளே, விட்றாதீங்க" என்கிறார். என் மனைவி ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஏன் உடனே கையெழுத்துப் போடவில்லை என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் மட்டும் கேட்காதீர்கள், பழையதும் சொல்ல மாட்டேன், புதியதும் சொல்ல மாட்டேன்.

பணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். எங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி பறந்த மணிக்குத்தான். பறந்த மணி என்றால் யூனிஃபார்ம் மாட்டியதிலிருந்து கழற்றும் வரை இல்லை. விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கி, பார்க்கிங்கில் போய் நிற்கும் வரை. பிளாக் அவர் என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வந்து வானிலை பார்ப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது, விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது, நடுவில் காத்துக்கிடப்பது, எதுவும் அந்த மணிக்கணக்கில் சேராது.

இதில் சின்ன விமானம் ஓட்டுகிறவனுக்குத்தான் அடி. பெங்களூரிலிருந்து டெல்லி போய்த் திரும்புகிற ஜெட் பைலட்டுக்கு ரெண்டு டேக்-ஆஃப், ரெண்டு லேண்டிங், கணக்கில் ஐந்தரை மணிக்குப் பக்கம் விழும். நான் அதே நாளில் நாலு செக்டர், அதாவது நாலு தடவை ஏறி இறங்குகிற பயணம் போவேன், ஒவ்வொன்றும் ஒரு மணி, ஒன்றே கால் மணி, நடுநடுவே அரை மணி அரை மணியாகத் தரையில் நின்று ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, எண்ணெய் போட்டு, லோடு ஷீட்டில் கையெழுத்துப் போட்டு, மறுபடி அதே செக்லிஸ்ட்டை முதலிலிருந்து படிப்பேன். டியூட்டி நேரம் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சில நாள் எனக்குக் கூடவும் இருக்கும். சம்பளக் கணக்கில் வருவது அவனுக்கு அதிகம். போதாக்குறைக்கு ஏடிஆரில் ஏபியு எனப்படும் துணை என்ஜின் கிடையாது. தரையில் நிற்கும்போது வலதுபக்க என்ஜினை ஓடவிட்டு, அதன் விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுத்தான் கரன்ட்டும் ஏசியும் எடுக்க வேண்டும். அதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். பெயரில் மட்டும்தான் ஹோட்டல். மே மாத மதியத்தில் காக்பிட்டில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அதனால் இந்தத் தொழிலில் ஒப்பந்தம் கையில் வந்தால் மணிக்கு எவ்வளவு என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, பறந்தாலும் பறக்காவிட்டாலும் எத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி என்பதை. 2024 மார்ச், ஏப்ரலில் விஸ்தாராவில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஏர் இந்தியாவோடு இணைப்பதற்காகப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள், 70 மணிக்கு உறுதியாக இருந்தது 40 மணிக்கு வந்தது. மணிக்கணக்கு ரேட்டெல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 40க்கு மேல் பறந்தால்தான் கூடுதல் பணம், பறக்க விடுவது கம்பெனி கையில். பைலட்டுகள் பலர் உடம்பு சரியில்லை என்றார்கள், விமானங்கள் நின்றன, டிவியில் பயணிகள் கத்தினார்கள். பார்த்த என் சொந்தக்காரர் ஒருவர் "இவ்வளவு சம்பளம் வாங்கிட்டு ஸ்டிரைக்கா?" என்றார். 70க்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வீட்டுக் கடன் தவணையே அடங்கிவிடும் என்று சொன்னேன், அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கடன் என்றதும் இன்னொன்று. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதற்கப்புறம் ஓட்டப்போகும் விமானத்துக்கென்று தனிப் பயிற்சியும் தகுதியும், டைப் ரேட்டிங் என்பார்கள், எல்லாம் கைக்காசு. அப்பா பி.எஃப்பை உருவினார், அம்மாபேட்டை இடத்தை விற்றார், மீதிக்கு வங்கி. பிறகு கோவிட் வந்தது. 2020 மார்ச் 25லிருந்து ரெண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானமே ஓடவில்லை, சம்பளத்தில் வெட்டு. அப்படி வந்தவனிடம் பணம் முக்கியமில்லை, நிம்மதிதான் முக்கியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பணம் முக்கியம்தான். ஆனால் எந்தப் பணம்? கிங்ஃபிஷர் ஒருகாலத்தில் சேலத்துக்கே ஏடிஆர் விட்டது, 2012இல் மொத்தமாக நின்றது, பல மாதச் சம்பளம் பாக்கியோடு. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். அங்கேயும் ஒப்பந்தத்தில் நல்ல ரேட் எழுதியிருந்தவர்கள் இருந்தார்கள்.

சரி, வாழ்க்கைப் பக்கம் வருகிறேன்.

என் பேஸ், அதாவது டியூட்டி தொடங்குகிற ஊர், பெங்களூரு. வீடு சேலம், அழகாபுரம். மனைவி பல் மருத்துவர், கிளினிக் இங்கே, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. மகள் ஒன்றாம் வகுப்பு. தேவனஹள்ளிப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறோம், பெரும்பாலும் யாராவது ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான், மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். லீவு நாள் வந்தால் சேலம். ரயில் நேரம் ஒத்துவந்தால் ஓசூர், தருமபுரி வழியாக ரயில், இல்லையென்றால் கார்.

கார் என்றால் தொப்பூர் கணவாய். சேலத்துக்காரனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தருமபுரி தாண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி பின்னால் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இறங்குகிற இடம். நாலு செக்டர் முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பி அந்த வழியாக வந்திருக்கிறேன். என் டியூட்டி நேரத்தை விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ நிமிடக் கணக்கில் பார்க்கிறது, 7 நாளில் 35 மணி, வருடத்துக்கு 1,000 மணி, அதற்கு மேல் பறக்கக் கூடாது. தொப்பூரில் ஸ்டீயரிங்கைப் பிடித்த நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. ரிஜிஸ்டரில் அது ஓய்வு.

இது எனக்கு மட்டும் உள்ள கதை இல்லை. அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்குப் போகும் ரீஜனல் கம்பெனிகளில் இதுதான் பல வருடப் பிரச்சினை. 2009 பிப்ரவரி 12, கோல்கன் ஏர் 3407, பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதுவும் விசிறி விமானம்தான், டேஷ் 8. துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர். பேஸ் நியூயார்க் பக்கத்தில், அவர் தங்கியிருந்ததோ நாட்டின் மறுகோடியில், சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில். டியூட்டிக்கு வர முந்தின இரவு முழுக்க வேறு விமானத்தில் தொற்றிக்கொண்டு வந்தார். விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் செய்த தவறுதான் முதல் காரணம் என்று விசாரணையில் வந்தது, அது உண்மை. ஆனால் விசாரணையில் எல்லோரையும் உலுக்கியது அந்தச் சம்பளமும் அந்தப் பயணமும்தான். பிறகு அங்கே விதிகள் மாறின, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி வேண்டும் என்றானது. ஆள் கிடைக்காமல் திண்டாடி, 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கிளைக் கம்பெனியான என்வாய் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று ஏற்றியது. அங்கே சம்பளம் உயர்ந்தது. பேஸ் ஒரு மூலை, வீடு ஒரு மூலை என்பது அப்படியே இருக்கிறது.

இங்கேயும் விதி மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. விதிப்படி இரவு என்பது முன்பு காலை ஐந்து மணியோடு முடிந்தது, இப்போது ஆறு வரை. இரவில் ஆறு லேண்டிங் வரை இருந்தது ரெண்டாகக் குறைந்தது. 2025 நவம்பர் 1 முதல் முழுசாக அமல் என்றார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததையும், அரசு அவர்களுக்குத் தற்காலிகமாகச் சில விலக்குகள் கொடுத்ததையும் எல்லோரும் பார்த்தோம். ஓய்வு கொடுத்ததால்தான் விமானம் நின்றது என்று ஊரில் பேசினார்கள். விதி என்ன என்பது 2024 ஜனவரியிலேயே தெரியும். ஆள் எடுக்க நேரம் இருந்தது. என்னைக் கேட்டால் அவ்வளவுதான் விஷயம்.

அப்பா ஸ்டீல் பிளான்ட்டில் இருந்தவர். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட், ஆயுசில் பாதி அப்படியே போனது. என் ரோஸ்டரை, அதாவது டியூட்டி அட்டவணையை, அவருக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல எது சி ஷிப்ட்டு?" என்றார். எல்லாம் கலந்து வரும்பா, இன்னிக்குக் காலையில நாலு மணி, நாளன்னிக்கு ராத்திரி, அப்புறம் வீட்லயே ஸ்டேண்ட்-பை, போன் வந்தா போகணும் என்றேன். "எங்களுக்கு ஆடி மாசம் எந்த ஷிப்ட்டுன்னு சித்திரையிலேயே சொல்லிப்புடலாம். கோட்டை மாரியம்மனுக்குப் போறதுக்கு அதை வெச்சுத்தான் கெணக்கு போடுவோம்" என்றார். எனக்கு அடுத்த மாதம் எந்த ஞாயிறு வீட்டில் என்பது இந்த மாதக் கடைசியில்தான் தெரியும், அதுவும் மாறும். தூக்கம் கெடுவதைவிட இந்தத் தெரியாமைதான் ஆளைத் தின்கிறது. மகளிடம் "அன்னிக்கு வர்றேன்" என்று சொல்வதையே நிறுத்திவிட்டேன். "பாக்கலாம்" என்பேன். அவளும் இப்போது யார் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்கிறாள்.

என்னோடு ஃபிளையிங் ஸ்கூலில் படித்த ஒருவன் சீக்கிரமே ஜெட்டுக்குப் போனான், அப்புறம் வளைகுடாவுக்கு. வரி இல்லாத சம்பளம், கம்பெனி வீடு. ஏற்காட்டில் பகோடா பாயின்ட் போகிற பக்கம் காப்பித் தோட்டத்தோடு ஒரு வீடு கட்டியிருக்கிறான், வராந்தாவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிசு. நாங்கள்தான் அவ்வப்போது இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், வாட்ச்மேன் கையால் காப்பி குடித்துவிட்டு வருகிறோம். அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "இன்னும் அஞ்சு வருசம்டா, வந்து உக்காந்துருவேன்" என்கிறான். அவன் கணக்கு அவனுக்குச் சரி. அவன் அப்பா அம்மா அவனோடு அங்கேயே இருக்கிறார்கள், மனைவிக்கும் அங்கேயே வேலை. என் வீட்டில் அந்த வசதி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புது ஆஃபரில் இன்னும் சில விஷயங்கள். நான் இங்கே கேப்டன், அங்கே போனால் முதலில் வலது சீட், துணை விமானி. தோளில் ஒரு பட்டை குறையும், அது பெரிதில்லை. டைப் ரேட்டிங் செலவை அவர்கள் போடுகிறார்கள், பதிலுக்குப் பாண்டு, இடையில் விட்டால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். அதற்கு மேல் நோட்டீஸ். டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம். ஒரு வருடம்! ஆகாசா ஏர் கம்பெனியிலிருந்து 2023இல் நோட்டீஸ் முடிக்காமல் நாற்பதுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் போனதும் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. ஆக, பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம் என்கிற பேச்சே இங்கே செல்லாது. உள்ளே போகும்போதே கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிசு பேஸ். கடிதத்தில் "நிறுவனத்தின் தேவைக்கேற்ப" என்று ஒரு வரி இருக்கிறது. பெங்களூரு என்றால் தொப்பூரை இன்னும் கொஞ்ச வருடம் சமாளிப்பேன், ஜெட்டில் செக்டர் குறைவு, உடம்புக்கும் பரவாயில்லை, பணமும் கூட, யோசிக்கவே வேண்டாம். டெல்லி என்றால் சேலத்துக்கு வருவதற்கே ஒரு முழு நாள் போய்விடும், வார ஓய்வு 48 மணியில் பாதி விமான நிலையங்களில் கரைந்துவிடும். அப்போது இந்தச் சம்பள உயர்வை, வீட்டில் தூங்காத ராத்திரிகளால் வகுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு நோட்டில் வகுத்தே பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு "கிளினிக் வருமானத்தையும் சேத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். சேர்த்தால் இன்னும் குறைந்தது.

பேஸ், உறுதி மணி, ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் வரும், இந்த மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லி மெயில் போட்டேன். உறுதி மணிக்குப் பதில் வந்துவிட்டது, நன்றாகவே இருக்கிறது. ரோஸ்டருக்குக் "கம்பெனி நடைமுறைப்படி" என்று வந்தது. பேஸுக்குப் போனில் ஒரு பெண் பேசினார், தமிழ்ப் பெண்தான், ஓசூராம். "சார், மொதல்ல ஜாயின் பண்ணுங்க, அப்புறம் பெங்களூரு கேட்டு வாங்கிக்கலாம்" என்றார். அதையே மெயிலில் போடுங்கள் என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மெயில் வந்தால் போகிறேன், வராவிட்டால் இல்லை. மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.