நல்லெண்ணெய் போட்ட துப்பாக்கி

காவிரிக் கரையில் ஓர் ஊர். அங்கே லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு என்று பேர்தான். ஸ்டாக் புத்தகம், தோட்டாப் பதிவேடு, பாதுகாப்புக்கு வந்த துப்பாக்கிகளுக்கு ரசீது, கலெக்டர் ஆபீசுக்கு நடை, எல்லாம் என் தலையில். கல்யாண வீட்டில் யாராவது வேலையைப் பற்றி விசாரித்தால், “நம்ம பக்கம் துப்பாக்கிக் கடையா?” என்று சாப்பிடும் கை நின்றுவிடும். நெல் விளைகிற சீமையில் யாருக்குத் துப்பாக்கி என்றுதான் நினைப்பார்கள். பழைய மிராசு வீடுகளில் தாத்தா காலத்து டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி, இருக்கிறது. கொள்ளிடக் கரைப் பக்கம் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. மற்றபடி பாங்க் வாசலிலும் நகைக்கடை வாசலிலும் நிற்கிற முன்னாள் ராணுவத்தினர். எங்கள் கடைக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

புதுத் துப்பாக்கி விற்பதில் பெரிய தொல்லை இல்லை. பில் இருக்கும், கோளாறு என்றால் தயாரித்தவரிடம் பேசலாம். தலைவலி எல்லாம் பழையதில்தான். அதுவும் கடைக்கே வராமல் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்ட பழையதில். அந்த வியாபாரத்தில் எங்களுக்கு ஒரு பைசா கிடையாது. ஆனால் தகராறு என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் வந்து உட்காருவது எங்கள் கடை பெஞ்சில். “இந்தாங்க உங்க துப்பாக்கி, என் பணத்தைக் கொடுங்க” என்பார் ஒருத்தர். “வித்தது வித்ததுதான்” என்பார் இன்னொருத்தர். நடுவில் நான் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

புடவை மாதிரி இதை மாற்றிக்கொள்ள முடியாது. காரணம் 1959ஆம் வருடத்துப் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற துப்பாக்கியை, அதை வைத்துக்கொள்ள உரிமை உள்ள இன்னொருவருக்கு நீங்கள் விற்கலாம், அதற்கு வியாபாரி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் விற்கப்போவதை முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் சொல்ல வேண்டும். என்ன துப்பாக்கி, வாங்குபவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சொன்ன பிறகு 45 நாள் கழிய வேண்டும். அப்புறம்தான் கை மாறலாம். மாறியதும் வாங்கியவரின் லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கி நம்பர் ஏறிவிடும்.

இப்போது அவர் திருப்பிக் கொடுக்க நினைக்கிறார் என்று வையுங்கள். சட்டத்தின் கண்ணில் அது திருப்பிக் கொடுப்பது ஆகாது, புதிதாக ஒரு விற்பனை. மறுபடி கடிதம், மறுபடி 45 நாள். அதுவும் பழைய சொந்தக்காரரிடம் இன்னும் லைசென்ஸ் இருந்தால். துப்பாக்கி போனதும் புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுத் திண்ணையில் கோபத்தில் துப்பாக்கியைச் சாத்திவிட்டு வந்தால், வைத்தவர்மேலும் கேஸ், வைத்துக்கொண்டவர்மேலும் கேஸ்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வாங்கியவர் ஒருவர் கோபமாக வந்து துப்பாக்கியைக் கவுன்டரில் வைத்தார். விற்றவரும் கூடவே இருந்தார், “சரி, நானே எடுத்துக்கிறேன்” என்றார். ஒரு சண்டையைத் தீர்த்துவைத்த பெருமையில், பாதுகாப்பு ரசீதை விற்றவர் பேரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் முதலாளி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் கத்தவில்லை. “ஏம்ப்பா, யாருடைய புத்தகத்தில் இருக்கிற துப்பாக்கியை யார் பேருக்கு எழுதியிருக்கே?” என்று மட்டும் கேட்டார். ரசீதைக் கிழிக்கவும் முடியாது, வரிசை எண் போட்ட புத்தகம். சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, ஏன் ரத்து என்று எழுதி, இருவரையும் அன்று இரவே கூப்பிட்டு வாங்கியவர் பேருக்கு மாற்றினேன். அந்தச் சிவப்புக் கோடு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

தகராறுகளில் எனக்கு மறக்காதது ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவருடையது. பாங்க் காவல் வேலைக்காக, திருவாரூர் பக்கத்து மிராசு வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் 38,000 ரூபாய்க்கு ஒரு டபுள் பேரல் வாங்கினார். கடிதம், 45 நாள், எல்லாம் ஒழுங்கு. இரண்டு மாதம் கழித்து பாங்க்கில் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். இடது குழலில் தோட்டா வெடித்தது. வலதில் விசையை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. “மேனேஜர் முன்னாடி, அண்ணே. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான்” என்று வந்து நின்றார். பணம் போனதைவிட அந்த ‘டிக்’தான் அவரை அரித்தது.

வெடிக்காத தோட்டாக்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கெட்டிக்காரர். வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தோட்டாவின் பின்பக்கம் நடுவில் சின்னதாக ஒரு தொப்பி இருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கிற ஊசி வந்து தட்டினால் அதில் பள்ளம் விழும். வெடித்த தோட்டாவில் மிளகு உட்காருகிற அளவுக்குப் பள்ளம். வெடிக்காததில் கடுகுகூட நிற்காது. அப்போதே எங்கள் கடையில் துப்பாக்கி பழுது பார்க்கிற மிஸ்திரி, “ஸ்பிரிங் செத்திருக்காது, உள்ளே ஏதோ பிடிக்குது” என்றார்.

பெரியவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. துப்பாக்கியை விற்ற கையோடு லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டார். ஆக, அவர் திரும்ப வாங்கிக்கொள்ள வழியே இல்லை. மகன் காரோட்டிக் கூட்டி வந்தார். மகன்தான் முதலில் பேசினார், அதுவும் சட்டம் பேசினார்: பொருளைப் பார்த்துத்தானே வாங்கினீங்க, இனி நீங்கதான் பொறுப்பு. அதில் தப்பில்லை. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டமே பெரும்பாலும் வாங்குபவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யூனிபாரத்தோடு வந்திருக்கிற ஒரு காவலாளி. சட்டத்தை அந்தத் தொனியில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் மிஸ்திரியைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே திருப்புளியை எடுத்திருந்தார்.

பின்கட்டையைக் கழற்றி, பூட்டை, அதாவது விசையை இழுத்தால் ஊசியைத் தட்டிவிடும் பொறியை, வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்தார். வலது பக்கத்து ஊசியைச் சுற்றி, பழைய வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. குண்டூசியால் சுரண்டினார், மெழுகு போல உருண்டு வந்தது. மண்ணெண்ணெயில் போட்டு ஊசி வருகிற துளையைத் தேய்த்தபோது மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மிஸ்திரி விரலில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். சந்தனம்.

பெரியவர் ரொம்ப நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நானேதான் தம்பி நல்லெண்ணெய் போட்டுத் துடைப்பேன். அப்பா காலத்திலேர்ந்து வழக்கம். சந்தனம், குங்குமம் வைப்போம். அது தப்பா?” என்றார். என்ன சொல்வது? தப்பு இல்லை ஐயா, நல்லெண்ணெய் காற்றுப் பட்டால் மெதுவாகப் பிசினாகிவிடும், அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது என்று சொன்னேன். ஹவில்தார் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “எங்க ரெஜிமென்ட்லயும் பூஜை போடுவோம் ஐயா. ஆனா பொட்டு கட்டையில்தான் வைப்போம்” என்றார். குரல் இறங்கிவிட்டது.

மிஸ்திரி கூலி 600 ரூபாய். இருவரும் நான் தருகிறேன் என்று மல்லுக்கு நின்று, கடைசியில் பெரியவர்தான் கொடுத்தார். மகன் காருக்குப் போய்விட்டார்.

இதற்குப் பிறகுதான் அந்த 45 நாளை நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். போலீஸ் விசாரிக்கட்டும் என்று அரசாங்கம் கொடுத்த அவகாசம் அது. என்னைக் கேட்டால், சண்டை போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. துப்பாக்கி இன்னும் விற்பவர் புத்தகத்தில் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் கடிதத்தைத் திரும்பப் பெற்றால் முடிந்தது. அதனால் யார் கைமாற்றப் போவதாகச் சொன்னாலும், விற்பவரே துப்பாக்கியைக் கொண்டுவரட்டும், வாங்குபவரும் வரட்டும், மிஸ்திரி முன்னால் திறந்து பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

மிஸ்திரி பார்க்கிற விதம் அழகு. முதலில் இரண்டு குழலும் காலி என்று எல்லோருக்கும் காட்டுவார். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டுவார். ‘களக்’ என்றால் மூட்டு தேய்ந்திருக்கிறது. குழலின் பின்வாயில் மெல்லிய ரசீதுத் தாளை வைத்து, துப்பாக்கியை மூடி இழுத்துப் பார்ப்பார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் முகம் சுளிப்பார். பிறகு குழல்களை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் ஒரு சுண்டு. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டிப் பார்க்கிற மாதிரியேதான். கணீரென்று நின்றால் இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு சரி, ஓட்டைப் பானைச் சத்தம் வந்தால் எங்கோ விட்டிருக்கிறது.

கடைசியில் தோட்டா அறையின் நீளம். இது முக்கியம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்தான். இன்று 70 மில்லிமீட்டர் தோட்டா கிடைக்கிறது. அது பழைய அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், ஏனென்றால் வாய் மடித்திருக்கிறது. சுடும்போது மடிப்பு விரிந்து குழலின் குறுகலான பாகத்துக்குள் நீட்டிக்கொள்ளும், அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

சில புகார்களை நான் காதிலேயே வாங்குவதில்லை. வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்து, “ரவை ரொம்பச் சிதறுதுங்க, ஏரியில கொக்கு மேல அடிச்சுப் பார்த்தேன்” என்று ஆரம்பித்தார். அது பறவைகள் சரணாலயம். அப்படியே கையமர்த்தினேன். 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தைச் சொன்னதும் துப்பாக்கியையும் புகாரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் சந்தனத்தோடு தீர்ந்துவிடாது. 2019 டிசம்பரில் படைக்கலச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் விட்டாக வேண்டியிருந்தது. வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் அப்படித்தான் மூன்றாவதை விற்றார். அப்போது கொரோனா சமயம், யாரும் கடைக்கு வந்து பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து, வாங்கியவர் கட்டையைப் பாலிஷ் போடக் கொண்டுவந்தார். கழற்றினால் கட்டைக்கு அடியில் இரும்பு முழுக்கத் துரு, புற்று மாதிரி குழி குழியாக. அந்த மாதிரித் துரு ஐப்பசி மழை ஈரத்தில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. தண்ணீரில் கிடந்ததோ என்று சந்தேகம் வந்தது.

போனில் கேட்டபோது தோப்புக்காரர் மறைக்கவில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். ஓடு பறந்து, பீரோ கவிழ்ந்து, இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. “நீங்க கேக்கலை, நானும் சொல்லலை” என்றார். ஒப்பந்தச் சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. தெரிந்த விஷயத்தை வேலை செய்து மறைத்தால் மோசடி, வெறுமனே சும்மா இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. அவர் சட்டம் தெரிந்து சொல்லவில்லை. அந்தப் புயலில் தோப்பே படுத்துவிட்டது, அந்தப் பணம் அவருக்குத் தேவையாக இருந்தது. அடுத்த நாள் அவராகவே கூப்பிட்டு, “மனசு கேக்கலை, நானே திருப்பி எடுத்துக்கிறேன்” என்றார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது, மனசும் இருந்தது. ஆனால் புத்தகத்தில் ஏற்கனவே இரண்டு துப்பாக்கி. மூன்றாவதுக்கு இடமில்லை.

விலையில் பாதியைத் தவணையாகக் கொடுப்பதாகப் பேசி, இருவரும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று தவணை வந்தது. நான்காவதை வாங்கியவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துப்பாக்கி எங்கள் பாதுகாப்பு அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது, வாங்கியவர் பேரில். இப்போது கைமாற்ற யார் வந்தாலும் விலை பேசுவதற்கு முன்பே நான் கேட்கிற கேள்வி, “கஜாவில் எங்கே இருந்தது?” என்பதுதான். மேற்கே தஞ்சாவூர்க்காரர்கள் விழிப்பார்கள். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு உடனே புரியும்.

போன ஆயுத பூஜைக்குக் கடைப் பையன் சந்தனக் கிண்ணத்தோடு அலமாரியைத் திறந்தான். கதவு மேலே மட்டும் பொட்டு வை, உள்ளே போகாதே என்றேன். பூட்டுக்கு வைக்கலாமா என்று கேட்டான். பூட்டுக்கும் வேண்டாம் என்று மிஸ்திரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.