அட்டை கடித்த கதை

2025 ஏப்ரல் 27, ஞாயிறு
போகவந்தலாவை, இலங்கை

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இன்றோடு ஒன்பது நாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததற்குச் செய்த ஆபரேஷன் காயம் நன்றாக ஆறுகிறது. தினமும் வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் காலைக் கீழே வைத்ததுமே முகம் சுருங்கிவிடுகிறது. "விடு பாப்பா, நாளைக்குப் பாப்போம்" என்று படுத்துக்கொள்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 29

ஃபோனில் பழைய நகைச்சுவைக் காட்சிகளைப் போட்டுக் கையில் கொடுத்தேன். நார்மன் கசின்ஸைப் பற்றிப் படித்ததால் வந்த யோசனை. அமெரிக்கப் பத்திரிகையாசிரியர், 1964இல் மூட்டுகளெல்லாம் இறுகிப் படுத்தவர். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். வைட்டமின் சியும் நிறைய எடுத்துக்கொண்டார், ஆகவே சிரிப்பால்தான் குணமானார் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் என் மனதை விட்டுப் போகவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்காமலே திருப்பித் தந்துவிட்டார்.

மே 1

மே தின லீவு. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் மேல் லயத்துப் பெரியம்மா வந்தார். பென்ஷன் எடுத்த பிறகும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். வந்து உட்கார்ந்ததுமே, "அடியே, ஆறாம் நம்பர் மலையில கங்காணிக்குச் சாமி வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

கூடை நிறையாவிட்டால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் என்று மிரட்டிக்கொண்டிருந்த கங்காணி திடீரென்று துள்ளினாராம், காலை உதறினாராம், கைகளை மேலே தூக்கிச் சுழன்றாராம். பெண்களெல்லாம் கூடையை இறக்கிவைத்துக் குலவை போட்டார்கள். பெரியம்மா திருநீறு பூசப் போய், "எந்தச் சாமி வந்திருக்கீங்க?" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். "சாமி இல்லடி, அட்டைடி!" களுசானுக்குள், அதாவது கால்சட்டைக்குள், ஏறிவிட்டதாம்.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, "ஐயோ போதும்டி, இடுப்பு வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம்.

அப்புறம் அவரே வாக்கரைக் கேட்டார். பெரியம்மாவை அனுப்பிவைக்க வாசல் வரை ஆறு எட்டு வைத்து நடந்தார்.

மே 2

பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். வைன் போத்தலைக் குளிர வைக்கும் உறையைக் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று அளந்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியது. உடம்பே சுரக்கும் வலிநிவாரணியான எண்டோர்பின்தான் காரணம் என்பது அவர்கள் கருத்து. தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் கண்டிருக்கிறார்.

ஃபோனைக் கொடுத்து அம்மாவைத் தனியாக விட்டேனே! பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மே 7

பின்னேரம் மழை. வலி மாத்திரை இன்னும் உண்டு, பயிற்சியும் உண்டு. நாலு மணிக்கே அம்மா வாசல் திண்ணையான இஸ்தோப்பு வரை நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து மேல் லயத்துப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வந்து குடையை மடக்குவதற்குள் அம்மா தொடங்கிவிட்டார்: "நீ அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டடி. திருநீறு பூசினது நான்!"